டர்பன் கடலோரத்தில் மிதவை உயிரிகளை டிஎன்ஏ வழியாகக் கண்டறிவது எப்படி?

நண்டுக் குஞ்சு, மட்டிக் குஞ்சு எல்லாம் தண்ணீரில் மிதக்கிற பருவத்தில் எது எந்த இனம் என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது கைதேர்ந்தவர்களுக்கே கஷ்டம். கப்பல் ஆடாமல் நிற்க அடியில் ஏற்றிவரும் பாலஸ்ட் தண்ணீரில் வெளியூர் இனம் எதுவும் வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்க டிஎன்ஏ கைகொடுப்பது அதனால்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டதற்காக எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. துறைமுக எல்லைக்குள் வலை போட எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து வலை. வழக்கமாக 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) கண்ணி. மட்டிக் குஞ்சுகளில் சின்னவை அதில் நழுவிவிடும். அவை வேண்டுமென்றால் இன்னும் நெருக்கமான கண்ணி எடுங்கள். வலையைப் போடும் முன் 10 சதவீத பிளீச் கரைசலில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். இல்லாவிட்டால் போன தடவை போட்ட இடத்து டிஎன்ஏ இந்தப் புட்டிக்கும் வந்துவிடும்.

பிடித்ததை உடனே 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பார்மலின் வேண்டாம், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். உயிரிகளின் உடம்புத் தண்ணீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும், ஆகவே மறுநாள் புது எத்தனால் மாற்றுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்து ஓடிவிடும். கூடவே சுத்தமான தண்ணீர் மட்டும் ஊற்றிய ஒரு வெற்றுப் புட்டி. அதையும் கடைசிவரை மற்றவற்றைப் போலவே நடத்துங்கள். அதில் ஏதாவது இனம் தென்பட்டால் கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஆய்வகம். அரைத்து, டிஎன்ஏ பிரித்து, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில், இனத்தை அடையாளம் காட்டும் சிஓஐ மரபணுவின் துண்டைப் பெருக்கி, வரிசையைப் படித்து, பல இனங்களின் டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் போல்டு, ஜீன்பேங்க் தரவுத்தளங்களோடு ஒப்பிடுவார்கள். நம் பக்கத்துச் சிற்றுயிர்கள் பலவற்றுக்கு அங்கே பதிவே கிடையாது. பெயர் கிடைக்காதது எல்லாம் புதிய இனம் என்று துள்ளிக் குதிக்காதீர்கள்.

பெயர் கிடைத்தால்தான் உண்மையான வேலை. பட்டியலில் ஐரோப்பியப் பச்சை நண்டு வந்தது என்று வையுங்கள். அது 1983இல் கேப் டவுனின் டேபிள் பே துறைமுகத்தில் தென்பட்ட குளிர்நீர் இனம். டர்பனின் வெதுவெதுப்பான நீரில் சந்தேகப்பட வேண்டிய விருந்தாளி. அந்த டிஎன்ஏ பாலஸ்ட் தண்ணீரில் செத்த குஞ்சிலிருந்தும் வந்திருக்கலாம். மட்டி என்றால் ஓட்டல் சமையலறைக் கழிவுகூடக் காரணமாகலாம். டிஎன்ஏ துண்டுகளின் எண்ணிக்கையை உயிரிகளின் எண்ணிக்கையாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே வேறொரு நாள் மறுபடி வலை போடுங்கள், படகுத்துறைத் தூண்களைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே தூண்டில் போடும் நம் மாமாக்களிடமும் கேளுங்கள். இதுவரை பார்க்காத நண்டு ஒன்று தூண்டிலில் சிக்கியிருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.