பழைய ராணுவச் சேணத்துக்குத் தோலும் நூலும் தேடிய கதை

என்னிடம் இருப்பது மெக்கிளெலன் சேணம். அமெரிக்க ராணுவம் 1859-ல் ஏற்றுக்கொண்ட வகை. மரச்சட்டம் உறுதியாக இருந்தது. அங்கவடியை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, தொங்கவிடும் வார்கள்தான் தொட்டாலே செந்தூளாக உதிர்ந்தன. அந்த நிலைக்கு வந்த தோலை எந்த எண்ணெயும் மீட்காது.

அவசரத்தில் கிடைத்த தோலை வாங்கிவிட்டேன். வெட்டிப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் நிறம். குரோமிய உப்பில் பதனிட்ட தோல்! ஓரத்தை எவ்வளவு தேய்த்தும் மெருகு ஏறவில்லை, இழுத்தால் நீண்டது. அப்புறம் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதைத் தேடினேன். குதிரைக்குக் கடிவாளம் தைக்கும் ஒருவரிடம் கிடைத்தது. முழுத்தோல் தேவையில்லை, முதுகுப் பகுதியில் நீளவாக்கில் வெட்டிய பட்டை போதும். வயிற்றுப் பகுதி வேண்டவே வேண்டாம், தளர்ந்துவிடும்.

நூலுக்கு லினன்தான், ஆளிச்செடி நாரில் திரித்தது. நைலான் பழைய தோலை அறுத்துவிடும். லினன் நூலைத் தேன்மெழுகில் நான்கைந்து முறை இழுத்து, இரண்டு ஊசி கொண்டு, சட்டத்துத் தோலில் ஏற்கெனவே இருந்த துளைகள் வழியாகவே தைத்தேன். புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை.

பித்தளை வளையங்களைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள், அதே அளவில் மறுபடி கிடைப்பது கஷ்டம். உதிர்ந்த வாரில் முத்திரை இருந்த துண்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.