கட்டுரை பிள்ளையுடையது, பேனா யாருடையது?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலர், ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் காமன் ஆப் (Common App) தளத்தில் தங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650ஐத் தாண்டக்கூடாது. சில வருடங்களாக இதற்கு உதவி வருகிறேன். பிள்ளைகளைவிட, உதவுகிறேன் என்று பக்கத்தில் உட்காரும் நாம்தான் அதிகம் சொதப்புகிறோம்.

பெரிய தவறு, பேனாவை நாம் வாங்கிக்கொள்வது. ஆரம்பத்தில் நானும் வரிக்கு வரி திருத்தினேன். ஒரு பையனின் அம்மா படித்துவிட்டு, "நல்லா இருக்கு சார். ஆனா இவன் இப்படிப் பேசவே மாட்டானே" என்றார். அன்றோடு விட்டேன். இப்போது ஓரத்தில் கேள்வி மட்டும்தான் எழுதுவேன்: அப்போது யார் இருந்தார்கள்? நீ என்ன சொன்னாய்? அடுத்தவர் எழுத்தையோ ஏஐ எழுதியதையோ தன்னுடையது என்று கொடுப்பதைக் காமன் ஆப் மோசடி என்றே சொல்கிறது. அடுத்தவர் என்பதில் நாமும் அடக்கம்.

அப்புறம், பரிசு வாங்கியதைத்தான் எழுத வேண்டும் என்று தலைப்பைத் திணிப்பது. ஒரு பெண் அறிவியல் கண்காட்சிக் கோப்பையைப் பற்றி எழுதி வந்தாள். 'சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்' என்று தொடக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பேச்சுவாக்கில், அம்மா இட்லி மாவு விற்பதாகவும் மார்கழியில் மாவு பொங்காமல் போவதாகவும் சொன்னாள். நீ என்ன செய்தாய் என்றேன். பாத்திரத்தை எங்கே வைத்தால் எத்தனை மணியில் பொங்குகிறது என்று ஒரு பழைய டைரியில் குறித்தாளாம். ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூடுதான் ஜெயித்தது. அறிவியல் ஆர்வம் என்ற சொல்லே இல்லாமல் கட்டுரை முழுக்க அதுதான் இருந்தது. கோப்பைக்கு வேறு இடம் உண்டு: விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதியில் பத்து வரை போடலாம்.

சில கல்லூரிகள் தனியாகக் கேட்கும் 'ஏன் எங்கள் கல்லூரி' கேள்விக்கான பதிலில் கல்லூரிப் பெயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். 650 சொல் கட்டுரையை வெட்டி ஒட்டினால் கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்றாகிவிடும்.

கடைசியாக, காலம். காமன் ஆப் விண்ணப்பம் வருடாவருடம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பிப்போருக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கெடு. அக்டோபர் கடைசியில் உட்கார்ந்தால் நம் கை தானாகப் பேனாவைத் தேடும். அதனால் நான் மே விடுமுறையிலேயே ஆரம்பித்துவிடுவேன். முதல் நாள் எழுத்தே கிடையாது. ஒரு மணி நேரம் பேச்சு, அவ்வளவுதான்.