மௌனப்பட கௌபாய் நடிகரின் வாழ்க்கைக் குறிப்பைத் தேதி பிசகாமல் எழுதுவது எப்படி? – பிராங்கோ பில்லியை முன்வைத்து

அமெரிக்க கௌபாய் படங்களின் முதல் நட்சத்திரம் பிராங்கோ பில்லி ஆண்டர்சன். அவரைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் இடறுவது பட எண்ணிக்கையில்தான். ஒரு இடத்தில் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் என்றிருக்கும், இன்னொரு இடத்தில் நூற்று நாற்பதுச் சொச்சம் என்றிருக்கும். அவர் நடித்தவை, இயக்கியவை, தயாரித்தவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுபவர்கள் உண்டு. ‘பிராங்கோ பில்லி’ பாத்திரமாக வந்த படங்களை மட்டும் எண்ணுபவர்களும் உண்டு. எதை எண்ணினோம் என்று எழுதாத எண்ணால் யாருக்கும் பயனில்லை. அதனால் கட்டுரையைத் தொடங்கும் முன் ஒரு அட்டவணை போடுங்கள்: படத்தின் பெயர், வெளியான தேதி, நீளம் (அடியில்), படம்பிடித்த ஊர், அவருடைய வேலை, ஆதாரம், பிரதி இருக்கிறதா என்று ஏழு பத்தி. ஆதாரப் பத்தி காலியாக உள்ள வரி எதையும் கட்டுரைக்குள் விடாதீர்கள்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். 1880 மார்ச் 21 அன்று ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தபோது அவர் மேக்ஸ்வெல் ஹென்றி ஆரன்சன். மேடைக்கு வந்தபின் கில்பர்ட் எம். ஆண்டர்சன். தொழில்முறைப் பத்திரிகைகளில் பெரும்பாலும் ஜி. எம். ஆண்டர்சன். மூன்று பெயரையும் தனித்தனியாகத் தேட வேண்டும். பட்டப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘சி’க்குப் பின் ஒரு ‘எச்’ வரும். இன்றைய வழக்கப்படி அதை விட்டுவிட்டுத் தேடினால் பழைய பக்கங்கள் பாதி சிக்காது. சேர்த்துத் தேடினால் வேறொரு தலைவலி. 1912 முதல் ‘பிராங்கோ’ என்ற பெயரிலேயே தனியாக ஒரு படக் கம்பெனி இயங்கியது. தாமஸ் இன்ஸ் மேற்பார்வையில் அவர்களும் கௌபாய் படங்களையே எடுத்தார்கள். அந்தப் படங்கள் நம் ஆள் கணக்கில் ஏறிவிடுவது சர்வசாதாரணம். பெயரோடு, ஆண்டர்சன் கூட்டாகத் தொடங்கிய ‘எஸ்ஸனே’ கம்பெனியின் பெயரையும் சேர்த்துத் தேடினால் பெரும்பகுதி குப்பை கழிந்துவிடும்.

பிறப்புக்கும் குடும்பத்துக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைப் பாருங்கள். 1880 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஜூன் 1. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் வயதை மாதக் கணக்கில், பன்னிரண்டில் இத்தனை என்று பின்னமாக எழுதியிருப்பார்கள். மார்ச் மாதம் பிறந்த குழந்தை ‘2/12’ என்று இருக்கும். அதை இரண்டு வயது என்று படித்துவிடாதீர்கள். 1890 ஏடுகள் 1921 தீ விபத்தையொட்டி ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன, அதற்காக அலைய வேண்டாம். 1900 ஏட்டில் பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும். 1940 ஏட்டில் தகவல் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருக்கும். வயதைச் சொன்னது அவரேவா, வீட்டில் வேறு யாருமா என்பது அதில் தெரிந்துவிடும். இப்போதைக்குப் பொதுப் பார்வைக்குத் திறந்திருக்கும் கடைசி ஏடு 1950.

அடுத்தது 1903இல் எட்வின் போர்ட்டர் எடிசன் கம்பெனிக்காக எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’. ஆண்டர்சனின் திரை வாழ்க்கை இங்கேதான் சூடுபிடிக்கிறது, குழப்பமும் இங்கேதான் அதிகம். கேமராவைப் பார்த்து நேருக்கு நேர் துப்பாக்கியால் சுடும் மீசைக்காரர் அவர் இல்லை. அது ஜஸ்டஸ் டி. பார்ன்ஸ். அந்த ஷாட்டைப் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று எடிசன் விற்பனைப் பட்டியலே தியேட்டர்காரர்களுக்குச் சொன்னது. எனவே அது முதலில் வரும் பிரதியைப் பார்த்து ‘தவறான பிரதி’ என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டர்சனைப் பார்க்க வேண்டுமானால், ரயிலை விட்டு இறக்கிப் பயணிகளைக் கைதூக்கி நிற்க வைத்திருக்கும் காட்சியில் நிறுத்துங்கள். வரிசையிலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டு கேமராவை நோக்கி ஓடிவருவார், முதுகில் குண்டு பட்டு விழுவார். அவர்தான். நடன அரங்கில், காலடியில் சுட்டுச் சுட்டு ஆடவைக்கப்படும் வெளியூர்க்காரரும் அவரே என்பார்கள், கொள்ளையரில் ஒருவராகவும் வருகிறார் என்பார்கள். படத்தில் பெயர் போடும் வழக்கமே அப்போது கிடையாது. ஆகவே ஓடும் பயணியை உறுதியாகவும் மற்ற இரண்டையும் ‘கருதப்படுகிறது’ என்றும் எழுதுவதே முறை. குதிரையேறத் தெரியாமல் கீழே விழுந்தார் என்ற கதை எல்லோருக்கும் பிடித்த கதை. அதை எழுதுங்கள், ஆனால் கதை என்று சொல்லி எழுதுங்கள்.

1907இல் ஜார்ஜ் கே. ஸ்பூருடன் சேர்ந்து சிகாகோவில் எஸ்ஸனே கம்பெனியைத் தொடங்கினார். ஸ்பூரின் ‘எஸ்’, ஆண்டர்சனின் ‘ஏ’ சேர்ந்ததுதான் அந்தப் பெயர். இங்கிருந்து உங்கள் முதன்மை ஆதாரம் வாராந்தரத் தொழில்முறைப் பத்திரிகைகள், குறிப்பாக ‘மூவிங் பிக்சர் வேர்ல்ட்’. அதன் இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று இடத்தைப் பாருங்கள்: கம்பெனி விளம்பரம், கதைச்சுருக்கம், விமர்சனம். முதல் இரண்டும் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முன்பும், விமர்சனம் பின்பும் வரும். இதழின் அட்டைத் தேதியைப் படத்தின் வெளியீட்டுத் தேதியாக எடுத்துக்கொள்வதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை. கணினித் தேடலை முழுக்க நம்ப வேண்டாம். பல பத்திகளாக அச்சான பக்கத்தில் வரிகள் கலந்துபோகும், ‘எஸ்ஸனே’யின் கடைசி எழுத்தான ‘ஒய்’யை ‘வி’ என்று எந்திரம் படித்துவிடும். சந்தேகம் வந்தால் அந்த மாத இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வழியில்லை.

பதிப்புரிமைப் பதிவும் உதவும், எல்லையோடு. 1912இல் சட்டம் திருத்தப்படும்வரை திரைப்படம் என்று தனிப் பிரிவு கிடையாது. புகைப்படமாகத்தான் பதிவு செய்தார்கள். அதற்காகப் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் (தனிப் படத்தையும்) தாளில் அச்சிட்டுக் காகிதச் சுருளாக ஒப்படைத்தவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் தங்கியதால்தான் பல பழைய படங்கள் பிழைத்தன. ஆனால் எல்லாப் படத்தையும் யாரும் பதிவு செய்யவில்லை. பதிவில் இல்லாததால் அப்படி ஒரு படமே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

நீளக் கணக்கு எளிது. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் எத்தனை அடியோ அத்தனை நொடி. 1000 அடி கொண்ட ஒரு ரீல் 16 நிமிடம் 40 நொடி ஓடும். அதையே 24 ஃபிரேமில் ஓட்டினால் 11 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். இணையத்தில் ஒரு ரீல் படம் 11 நிமிடத்துக்கு இருக்கிறது என்றால் காட்சி வெட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மனிதர்கள் விறுவிறுவென்று நடக்கிறார்களா என்று பாருங்கள், வேகம்தான் தப்பு. இயல்பாக நடந்தும் படம் குறைவாக இருந்தால்தான் ஏதோ தொலைந்திருக்கிறது.

தலைப்புகளில் ஒரு கண் இருக்கட்டும். 1910இல் ‘பிராங்கோ பில்லியின் மீட்சி’, 1911இல் ‘பிராங்கோ பில்லியின் கிறிஸ்துமஸ் விருந்து’, 1915இல் ‘பிராங்கோ பில்லியும் குழந்தையும்’ என்று ஒரே அச்சில் வார்த்த பெயர்கள் நிறைய. பழைய கதையையே மறுபடி எடுத்ததும் உண்டு, பழைய படத்தையே மறுபடி வெளியிட்டதும் உண்டு. பெயர், தேதி, நீளம் மூன்றும் ஒத்துப்போகாமல் இரண்டு வரிகளை ஒன்றாக்காதீர்கள். ஐரோப்பாவில் கிடைத்த பிரதிகளில் டச்சு போன்ற மொழிகளில் புதிய தலைப்பு ஒட்டியிருக்கும். அவற்றைக் கதைச்சுருக்கத்தோடு காட்சி காட்சியாக ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண முடியும். மௌனப்படங்களில் 14 சதவீதம்தான் மிஞ்சியது என்ற புள்ளிவிவரத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அது முழுநீளப் படங்களுக்கான கணக்கு, இவை ஒரு ரீல், இரண்டு ரீல் படங்கள்.

ஊர்ப் பத்தியைத் தேதியை வைத்தே சரிபார்க்கலாம். ஆண்டர்சனின் குழு கொலராடோ, கலிபோர்னியா என்று அலைந்து, 1912இல் கலிபோர்னியாவின் நைல்ஸ் என்ற சிற்றூரில் நிலைகொண்டது. 1916 பிப்ரவரியில் அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். இந்தக் காலத்துக்கு வெளியே உள்ள படத்துக்கு நைல்ஸ் என்று எழுதியிருந்தால் தட்டிக்கேளுங்கள். சாப்ளின் விஷயத்திலும் இதே கதைதான். அவருடைய எஸ்ஸனே படங்களில் முதலாவது சிகாகோவில் எடுத்தது. ‘தி டிராம்ப்’ உள்ளிட்ட ஐந்துதான் 1915இல் நைல்ஸ் ஸ்டுடியோவைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றான ‘தி சாம்பியன்’ படத்தின் குத்துச்சண்டைக் கூட்டத்தில் ஆண்டர்சன் பார்வையாளராக உட்கார்ந்திருப்பார். பட்டியலில் இந்த மாதிரித் தலைகாட்டல்களுக்குத் தனிக் குறி போடுங்கள். இன்று நைல்ஸ் ஃப்ரீமாண்ட் நகரத்தின் ஒரு பகுதி. எஸ்ஸனே பெயரில் அங்கே ஒரு மௌனப்பட அருங்காட்சியகம் இருக்கிறது.

கம்பெனியில் தன் பங்கை விற்றபின் அவர் செய்ததை இரண்டு பத்தியில் முடிக்கலாம். 1920களின் தொடக்கத்தில் ஸ்டான் லாரலை வைத்துச் சில நகைச்சுவைப் படங்களைத் தயாரித்தார், பிறகு நீண்ட மறைவு. அவருக்குக் கிடைத்த கௌரவ ஆஸ்கர் 1957ஆம் ஆண்டுக்கானது, விழா நடந்தது 1958 மார்ச்சில். இரண்டு ஆண்டையும் எழுதிவிட்டால் பின்னால் யாரும் ‘திருத்த’ வரமாட்டார்கள். 1965இல் ஒரு கௌபாய் படத்தில் சிறு வேடத்தில் வந்தார். 1971 ஜனவரி 20 அன்று, 90 வயதில், கலிபோர்னியாவில் காலமானார். இந்தக் கடைசிக் காலத்துப் பேட்டிகள் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நினைவைச் சொல்பவை. மனிதரின் குரலுக்கு அவற்றை எடுங்கள், தேதிக்கு எடுக்காதீர்கள்.

கட்டுரைக்குப் படம் வேண்டுமென்றால், வெளியாகி 95 ஆண்டு கடந்த படங்களும் அவற்றின் விளம்பரங்களும் அமெரிக்காவில் பொதுவுடைமை. அந்தப் படங்களின் இன்றைய வட்டுகளில் சேர்த்திருக்கும் பின்னணி இசைக்கு அது பொருந்தாது. 1958 ஆஸ்கர் மேடைப் புகைப்படத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.