தசைநார் தைத்த சவாரி மாட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி

இலங்கையின் வன்னியில் வண்டில் சவாரி (மாட்டுவண்டிப் பந்தயம்) ஓடும் மாட்டுக்குப் பின்னங்கால் மூட்டில் அறுந்த தசைநாரைத் தைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதலில் கொட்டில் தரையைக் கவனியுங்கள். வழுக்கவே கூடாது, மணலைத் தடிப்பாகப் போட்டு மேலே வைக்கல் பரப்புங்கள், மாரியில் ஈரமான வைக்கலை அன்றன்றே மாற்றுங்கள். பட்டியோடு விடவேண்டாம், மற்ற மாடு ஏறினால் தையல் போச்சு. காலையும் மாலையும் புறங்கையை மூட்டில் வைத்துப் பாருங்கள்: மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால், வீக்கம் கூடினால், சீழ் மணத்தால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். இலையான் மொய்த்தால் புழு வைத்துவிடும். காயமில்லாத மற்றப் பின்னங்காலையும் பாருங்கள், பாரமெல்லாம் இப்போது அதில்தான். தசைநார் ஆற மாதக்கணக்காகும். நொண்டல் நின்றதென்று வண்டிலில் பூட்டாதீர்கள், அடுத்த சவாரி போனால் போகட்டும், வைத்தியர் சொன்னபிறகு கயிற்றில் பிடித்துச் சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடத்துங்கள், வயல் வரம்பு வேண்டாம்.