டேனியல் மின்கலம் 1.10 வோல்ட் காட்டவில்லையா?

துத்தநாக சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகடும் காப்பர் சல்பேட் கரைசலில் தாமிரத் தகடும் வைத்ததுதான் இந்த மின்கலம். தாமிரத்தின் திட்ட ஒடுக்க மின்முனை அழுத்தம் (எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தின் அளவு) +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76. கழித்தால் 1.10. மல்டிமீட்டரில் 0.8, 0.9 என்று வந்தால் உடனே கரைசலைச் சந்தேகிக்க வேண்டாம். காப்பர் சல்பேட்டைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தாலும் குறைவது வெறும் 0.03 வோல்ட்தான், எடை போட்டதில் சின்னப் பிழை மீட்டரில் தெரியவே தெரியாது.

முதலில் துத்தநாகத் தகட்டைப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறம் ஆக்சைடு படலம்; உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துக் கழுவி உடனே இறக்குங்கள்.

அடுத்தது உப்புப் பாலம், அதாவது இரண்டு கரைசல்களையும் இணைக்கும் உப்பு நிரப்பிய குழாய். 100 மில்லி நீரில் 3 கிராம் அகர் (கடற்பாசி ஜெல்லித் தூள்) கொதிக்கவைத்துக் கரைத்து, 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்து, சூடாகவே யு குழாயில் ஊற்றுங்கள். நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் சுற்று அறுந்து மீட்டர் தாறுமாறாகக் காட்டும். பொட்டாசியம் குளோரைடும் இங்கே சரிதான். ஆனால் வெள்ளி மின்முனைக்கு அது ஆகாது, சில்வர் குளோரைடு வெள்ளையாகப் படிந்து பாலத்தின் வாயை அடைத்துவிடும்.

மீட்டரில் கழித்தல் குறி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிவப்பு வயர் துத்தநாகத்தில் இருக்கிறது, மாற்றிப் போடுங்கள்.