தோலில் மீன் எழுப்புவோம்: அலங்காரத் தோல் பலகை செய்முறை, மட்டக்களப்புக் காற்றுக்கு ஏற்றபடி

சுவரில் மாட்டும் அலங்காரப் பலகை, கைப்பையின் மூடி, கதிரையின் முதுகுச் சாய்வு என்று எதைச் செய்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான். தோலை நனைக்கிறோம், கோட்டை வெட்டுகிறோம், உருவத்தைச் சுற்றியுள்ள இடத்தை அடித்துத் தாழ்த்துகிறோம். உருவம் மேலே நிற்கிறது. இதைக் காட்டும் காணொளிகள் ஏராளம் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் சொல்லும் நேரக் கணக்கு ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் நம் ஊருக்குப் பொருந்தாது. தோலின் ஈரப்பதம்தான் இந்த வேலையின் உயிர். அந்த ஈரத்தை இங்கே எப்படிப் பிடிப்பது என்று தமிழில் எழுதியதை நான் காணவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

இங்கே செய்யப்போவது 20 செ.மீ. சதுரப் பலகை. நடுவில் ஒரு வாவி மீன், சுற்றிலும் தாமரை இலைகள், ஓரத்தில் மருதமுனைக் கைத்தறிச் சேலைக் கரையில் வருவது போன்ற கட்டம். மீன் பாடும் ஊரில் முதல் பலகைக்கு வேறு உருவம் தேடத் தேவையில்லை. செதிலும் வாலும் பழகுவதற்கும் நல்லவை.

1. தோலைத் தெரிவு செய்தல்

பட்டை, காய், இலைச் சாறுகளில் பதனிட்ட, சாயம் போடாத மாட்டுத்தோல்தான் வேண்டும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் மரபு பழையது. இணையத்தில் வாங்கும்போது ‘வெஜிடபிள் டான்’ என்று கேளுங்கள். கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற கைப்பைத் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. அதில் எவ்வளவு அடித்தாலும் அச்சு நிற்காது, மெல்ல மெல்ல எழும்பிச் சமமாகிவிடும். கூத்து மத்தளத்துக்குப் பூட்டும் தோலும் உதவாது. அது பதனிடாத தோல், காய்ந்தால் விறைத்துப்போகும்.

அடையாளம் காண மூன்று வழிகள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: பட்டைத்தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு, குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: சாயமிடாத பட்டைத்தோல் உடனே குடித்துக் கறுக்கும். நனைந்த இடத்தில் நகத்தால் அழுத்துங்கள்: தடம் நிற்க வேண்டும். எரித்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள், குரோம் தோல் எரிந்த புகையும் சாம்பலும் உடம்புக்குக் கேடு.

பலகைக்கு 2.5 மி.மீ. தடிப்பு, கைப்பை மூடிக்கு 1.5 முதல் 2 மி.மீ. வரை. மாட்டின் முதுகுப் பகுதித் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். வயிற்றுத் தோல் மலிவு, ஆனால் நனைந்தால் இழுபட்டு உங்கள் மீனைக் கோணலாக்கிவிடும்.

2. கருவிகள்

வாங்க வேண்டியவை இரண்டு: கோடு வெட்டும், முனை சுழலும் சுவிவல் கத்தி; வெட்டின் ஓரத்தைத் தாழ்த்தும், சரிந்த முகமுள்ள பெவலர் அச்சு. இந்த இரண்டிலும் காசு பார்க்காதீர்கள். இருபது முப்பது அச்சுகள் சேர்ந்த மலிவுப் பெட்டியை வாங்குவதைவிட நல்ல பெவலர் ஒன்று மேல். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடமான தரையை நிரப்பும் புள்ளி அச்சை எவர்சில்வர் கம்பியின் முனையை அராவி நீங்களே செய்யலாம். செதிலுக்குப் பிறை வடிவ அச்சு ஒன்று போதும். சிறிய எவர்சில்வர் கரண்டியின் பின்புறம் மேடுகளை வழுவழுப்பாக்க உதவும்.

அடிப்பதற்கு மரச் சுத்தியல் அல்லது நைலோன் சுத்தியல். இரும்புச் சுத்தியல் அச்சுகளின் தலையைச் சிதைக்கும், அடியும் சீராக விழாது. அடியில் வைக்கக் கல் வேண்டும். சமையலறை மேடைக்கு கிரனைட் வெட்டும் இடத்தில் கழிவுத் துண்டு கேட்டால் கிடைக்கும். 3 செ.மீ. தடிப்பிருந்தால் நல்லது. மரப்பலகை மேல் வைத்து அடித்தால் பாதி விசையை மரமே வாங்கிக்கொள்ளும்.

3. பதம்

இந்தப் படிக்கு நான் அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில் தங்கியிருக்கின்றன.

தோலின் பின்பக்கம் முழுவதும் பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். தோல் காய்ந்திருக்கும்போதே ஒட்ட வேண்டும். அடிக்க அடிக்கத் தோல் அகலாமல் இது பிடித்துக்கொள்ளும். பிறகு முன்பக்கத்தைப் பஞ்சால் நனையுங்கள், ஓரத்திலிருந்து ஓரம்வரை. ஒரு பகுதியை மட்டும் நனைத்தால் காய்ந்தபின் எல்லைக் கோடு கறையாக நிற்கும். தோல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தும்வரை நனைத்து, பொலித்தீன் பையில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். ஈரம் உள்ளே சமமாகப் பரவ இந்த நேரம் வேண்டும். மேலால் தண்ணீர் தெளித்து உடனே அடிக்கத் தொடங்கினால் மேல்தோல் மட்டும் குழைந்திருக்கும், நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கும், அச்சில் ஆழம் வராது.

காலையில் பையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். இனி மணிக்கூட்டைப் பார்க்காமல் தோலைப் பாருங்கள். கறுத்திருந்த நிறம் மெல்ல மெல்லப் பழைய வெளிர் நிறத்துக்குத் திரும்பும். ஏறக்குறையத் திரும்பிவிட்டது, ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர்கிறது என்றால் அதுதான் பதம். கழிவுத் துண்டொன்றில் அச்சை வைத்து ஓர் அடி அடியுங்கள். அடி விழுந்த இடம் காப்பி நிறத்தில் பளபளத்தால் தொடங்கலாம். தண்ணீர் கசிந்தால் பொறுங்கள். அடி வெளிறிக் கிடந்தால் காய்ந்துவிட்டது, மேலால் லேசாக நனைத்துச் சற்று விடுங்கள்.

இப்போது நம் ஊர்க் காற்று. மாரியில் தோல் பதத்துக்கு வரவே நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். ஈரத்தோலை இரண்டு மூன்று நாள் பையிலேயே விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். வேலையை நிறுத்த நேர்ந்தால் பையோடு பிரிஜ்ஜில் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இதற்கு மாறாக, மேற்பரப்பு விறுவிறென்று காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். நிறத்தைப் பார்த்தால் பதம் போலத் தெரியும், அடித்தால் சொதசொதக்கும். கச்சானில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் தொடங்கி, வேலை நடக்காத பகுதியைப் பொலித்தீனால் மூடிக்கொண்டே போங்கள். கல்லடிப் பக்கம் கடலோர வீடுகளில் பிற்பகல் காற்றுக்கு யன்னலையும் சாத்த வேண்டியிருக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். வாளியில் செங்காவி படியும் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இரும்பும், பதனிடும்போது தோலில் ஏறிய தனின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். அந்தக் காலத்து எழுத்து மையே கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றின் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்ததுதான். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்தால் கவலையில்லை. துருப்பிடித்த கருவியோ இரும்புத் தூளோ ஈரத்தோலில் படக்கூடாது.

4. படத்தை மாற்றுதலும் வெட்டுதலும்

படத்தை ட்ரேசிங் கடதாசியில் வரைந்து, தோலின்மேல் வைத்து, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி வரையுங்கள். கார்பன் கடதாசி வேண்டாம், கறை போகாது.

கத்தியை நிமிர்த்திப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். வெட்டு தோலின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போனால் போதும். இரண்டு வெட்டுகள் ஒன்றையொன்று கடக்க விடாதீர்கள், கடந்த இடம் பிறகு பிளக்கும். கத்தி இழுபட்டால் கை அழுத்தத்தைக் கூட்டாமல் கத்தியைத் தீட்டுங்கள். தடித்த மட்டையில் பச்சைப் பொலிஷ் கட்டியைத் தேய்த்து, அதில் அடிக்கடி இழுத்தெடுத்தால் முனை வழுக்கிக்கொண்டு ஓடும்.

5. எழுப்புதல்

பெவலரின் தடித்த ஓரத்தை வெட்டுக்குள் வைத்து, மீனுக்கு வெளிப்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு வாருங்கள். ஒவ்வோர் அடியும் முந்திய அடியின் பாதியை மூட வேண்டும், அப்போதுதான் படிக்கட்டுத் தெரியாது. எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மீன் இலைக்கு மேலா, கீழா? கீழே போவதன் பக்கத்தைத்தான் அடிக்க வேண்டும். பிறகு செதில். வாலிலிருந்து தலை நோக்கிப் பிறை அச்சை வரிசையாக அடியுங்கள், ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசை. கடைசியாகத் தரைப் புள்ளிகள். கரண்டியால் மீனின் வயிற்றுப் பக்கத்தை வழித்து உருட்டிவிட்டால் பலகைக்கு உயிர் வந்துவிடும்.

முடிந்ததும் நிழலில் தட்டையாகக் காயவிடுங்கள், குறைந்தது ஒரு நாள். வெயிலோ தலைமயிர் உலர்த்தியோ வேண்டாம். நனைந்த பட்டைத்தோல் சூடு கூடினால் நிரந்தரமாகச் சுருங்கிவிடும், பிறகு மீட்க முடியாது.

6. நிறமும் ரேக்கும்

ஸ்பிரிட் சாயத்தை மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் திட்டுத்திட்டாகும். எனக்குப் பிடித்தது ஒரே பழுப்புச் சாயம், அதன்மேல் அக்ரிலிக் மெழுகுப் பூச்சு, அது காய்ந்ததும் கறுப்புக் களிம்பைத் தேய்த்துத் துடைத்தல். களிம்பு பள்ளங்களில் தங்கி மீனைத் தூக்கிக் காட்டும்.

பொன் வேண்டுமென்றால் அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஸ்பெயினின் கோர்டோபாவிலும் பிறகு ஒல்லாந்திலும் மாளிகைச் சுவர்களை மூடிய ‘பொற்தோல்’ பெரும்பாலும் பொன் கொண்டு செய்ததில்லை. தோலில் வெள்ளி ரேக்கை, அதாவது மிக மெல்லிய வெள்ளித் தகட்டை ஒட்டி, அதன்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசினார்கள், அது தங்கமாகத் தெரிந்தது. அச்சில் அழுத்தி மேடெழுப்பிய பொற்தோலுக்கு ஹேக் நகரில் 1628இல் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியதும் அதே 1628. பத்து ஆண்டில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

வீட்டில் செய்ய அலுமினிய ரேக்கு போதும். மேடான இடங்களில் மட்டும் ரேக்குப் பசையைத் தடவி, விரல் லேசாக ஒட்டும் பருவம் வரும்வரை விட்டு, ரேக்கை வைத்து மென்தூரிகையால் அழுத்துங்கள். தச்சர்கள் பயன்படுத்தும் அரக்குப் பொலிஷை, நிறம் கூடியதாகப் பார்த்து, இரண்டு மூன்று தடவை பூசுங்கள். வெள்ளி பொன்னாகும். இது சுவர்ப் பலகைக்கு மட்டும். அரக்கு வளையாது, பை மூடியில் பூசினால் வெடிப்பு விழும்.

7. பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன என்று பலர் எழுதினார்கள். மேலே சொன்ன இரும்புக் கறைதான். சாயம் போடுமுன் தேசிக்காய்ச் சாற்றைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் ஒற்றினால் வெளிறும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து எடுங்கள், புளிப்பு தோலில் தங்கக்கூடாது. சாயம் போட்டபின் வழியில்லை.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கல்முனையிலிருந்து ஒருவர் கேட்டார். வேண்டாம். திட்டுத்திட்டாகக் கறுக்கும், நாளடைவில் சிக்கு மணம் வரும். தேன்மெழுகு கலந்த களிம்பை மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

சுவரில் மாட்டிய பலகையில் பூஞ்சணம். மாரியில் மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்றோட விடுங்கள். முன்னால் கண்ணாடி போட்டு அடைக்க வேண்டாம். பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட விடுங்கள். ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம், ஆனால் ரேக்கு ஒட்டிய இடத்தில் படக்கூடாது. அரக்கு அல்ககோலில் கரைந்துவிடும்.

பலகை வளைந்துவிட்டது என்றவர்களுக்கு: டேப்பை ஈரம் முழுதும் போனபின்தான் உரிக்க வேண்டும். உரித்தபின் 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் தோல் பசை தடவி ஒட்டி, கடதாசி விரித்து, மேலே அந்த கிரனைட் துண்டையே பாரமாக வைத்து ஓர் இரவு விடுங்கள். ரேக்கு வேலை செய்வதானால் இந்த ஒட்டலை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.