'அப்ப கபார்?': மலாய் மொழியில் நலம் விசாரிக்கப் பழகலாம்

மலேசியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறீர்களா? முதலில் பழக வேண்டியது 'அப்ப கபார்?'. நேர்ப்பொருள் 'என்ன சேதி?'. கேட்பது என்னவோ 'சௌக்கியமா?' என்றுதான்.

படி 1: சொல்லிப் பாருங்கள். 'அப்ப' என்பதில் ப-வை அழுத்த வேண்டாம், கடைசியில் இழுக்கவும் வேண்டாம். கோலாலம்பூர்ப் பேச்சில் அது கிட்டத்தட்ட 'அப்பெ' என்றே கேட்கும். 'கபார்' அரபியிலிருந்து வந்தது; உருதுக்காரர்கள் செய்திக்குச் சொல்லும் அதே 'கபர்'. மலாயில் நாளிதழுக்குக்கூட 'சூராட் கபார்' என்றுதான் பெயர்.

படி 2: பதில். 'கபார் பாய்க்', அல்லது வெறும் 'பாய்க்'. கடைசி க் தொண்டையிலேயே நின்றுவிடும். முழங்கால் வலியை எல்லாம் இங்கே விவரிக்கத் தேவையில்லை.

படி 3: யாரிடம் கேட்கிறோம்? புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாடப்புத்தகம் 'அண்டா' என்று ஒரு 'நீங்கள்' சொல்லித்தரும். விளம்பரத்துக்கும் படிவத்துக்கும் அது சரி. நேரில் சொன்னால் ஒட்டாது. நம்மைப் போலவே அவர்களும் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அப்பா வயது மலாய்க்காரர் 'பாக் ச்சிக்', அம்மா வயதுப் பெண் 'மாக் ச்சிக்', சற்றே மூத்த ஆண் 'அபாங்', பெண் 'காக்'. ஆக, 'பாக் ச்சிக், அப்ப கபார்?' என்று கேளுங்கள், முகம் மலரும். சீனப் பெரியவர்களுக்கு 'அங்கிள்', 'ஆன்ட்டி' போதும். 'மாமாக்' கடையில் (தமிழ் முஸ்லிம்களின் உணவகம்) பரிமாறுபவரை மலாய்க்காரர்களே 'ஆனே' என்பார்கள், நம் அண்ணேதான்!

அலுவலகத்தில் 'என்ச்சிக்' (ஆண்), 'புவான்' (பெண்) போடுங்கள். முன்பின் தெரியாத அதிகாரியிடம் நலம் விசாரிப்பதைவிட 'செலாமாட் பாகி' என்று காலை வணக்கம் சொல்வது பொருத்தம்.

படி 4: நண்பர்களிடம். 'அப்ப ச்செரித்தா?' என்றால் 'என்ன கதை?'. 'சிஹாட்?' என்றால் 'உடம்பு நல்லா இருக்கா?'. அப்புறம் 'டா மாக்கான்?', அதாவது 'சாப்பிட்டாச்சா?'. சாப்பிட்டிருந்தால் 'டா', இல்லையென்றால் 'பெலும்'. 'பெலும்' என்று சொல்லிவிட்டால் 'வா, போகலாம்' என்று கடைக்கு இழுத்துப் போனாலும் போவார்கள்.

இந்தோனேசியாவுக்குப் போனாலும் இதே கேள்வி செல்லும். மலேசியாவில் khabar என்று எழுதும் 'கபார்' என்பதை அங்கே h இல்லாமல் kabar என்று எழுதுவார்கள், 'அப்ப' என்பதன் கடைசி அகரத்தையும் முழுசாகச் சொல்வார்கள்.